‘டக்’ என்று சத்தம் கேட்டால் போதுமா? ரிலேக்களோடு பழகிய அனுபவம்

ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். அதன் காயிலில் (கம்பிச் சுருளில்) மின்சாரம் ஓடினால் ‘டக்’ என்று இழுத்து கான்டாக்ட் என்ற உலோக முனைகளைச் சேர்க்கும், நின்றால் விட்டுவிடும். நான் முதன்முதலில் ரிலே மாற்றியது எங்கள் வீட்டு ஸ்டெபிலைசரில். ஃப்ரிட்ஜுக்கு இணைத்திருந்தோம். பகலெல்லாம் சும்மா இருக்கும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் நேரம் வந்தால் ‘டக் டக் டக் டக்’ என்று விடாமல் அடித்துக்கொள்ளும். சத்தம் ரிலேயிலிருந்து வருகிறது, ஆகவே ரிலேதான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். உள்ளே மூன்று ரிலேக்கள் இருந்தன. மூன்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அன்று சாயங்காலமே மறுபடியும் அதே சத்தம்.

அப்போது எனக்குத் தெரிந்த ஓர் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்டெபிலைசரைத் திறக்கக்கூட இல்லை. “ரிலே தானா ஆடாது தம்பி. யாரோ அதை ஆட்டிவைக்கிறாங்க. அது யாருன்னு பாரு” என்றார். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு போர்டைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

வீட்டுக்கு வந்து கன்ட்ரோல் போர்டின் டிசி வோல்டேஜை அளந்து பார்த்தேன். ரிலே எதுவும் இழுக்காதபோது 12 வோல்ட் இருந்தது. ஒரு ரிலே இழுத்ததும் 10 ஆனது. இரண்டாவது இழுத்ததும் 7-க்குப் போய், அடுத்த நொடி இரண்டும் விட்டுவிட்டன. விட்டதும் பழையபடி 12. மறுபடி இழுத்தது, மறுபடி விழுந்தது. ஆட்டிவைத்தது போர்டின் ஓரத்தில் இருந்த 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சேர்த்துவைத்து வோல்டேஜ் ஆடாமல் பிடிக்கும் சாமான். டிரான்ஸ்பார்மரை ஒட்டியே அதை வைத்திருந்தார்கள். வருஷக்கணக்கில் அந்தச் சூட்டில் வெந்து உள்ளே காய்ந்துவிட்டது. கழற்றி அளந்தால் 140 மைக்ரோஃபாரட்தான் காட்டியது. உப்பவில்லை, கசியவில்லை. பார்வைக்குப் புதிது போலவே இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 12 வோல்ட் ரிலே இழுப்பதற்குத்தான் ஏறக்குறைய 9 வோல்ட் வேண்டும். ஒரு முறை இழுத்துவிட்டால் அதில் பாதி வோல்டேஜ் இருந்தாலும் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆக, 7 வோல்ட்டில் ரிலே தானாக விடவில்லை. வோல்டேஜ் ஆடியதில் ரிலேயை இயக்கும் ஐசி குழம்பிப்போய் அதை விடச் சொன்னது. சாயங்காலம் மட்டும் ஏன் என்றால், வோல்டேஜ் குறையும்போதுதான் ஸ்டெபிலைசர் அதிக ரிலேக்களை இழுக்கிறது. கன்ட்ரோல் போர்டுக்கு வரும் சப்ளையும் அப்போது குறைகிறது. இரண்டும் சேர்ந்துகொள்ள, காய்ந்த கெப்பாசிட்டரால் தாங்க முடியவில்லை. அதே 1000 மைக்ரோஃபாரட், ஆனால் 35 வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகையாகப் பார்த்துப் போட்டேன். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி சூடு குறைந்தால் சுமார் இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. அதனால் கால்களைக் கொஞ்சம் நீளமாக விட்டு, டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளிச் சாய்த்து ஒட்டிவிட்டேன். தேவையே இல்லாமல் மாற்றிய அந்த மூன்று பழைய ரிலேக்களும் இன்னும் என் டப்பாவில் இருக்கின்றன. மூன்றுமே நல்ல ரிலேக்கள்.

ரிலே இரண்டு உலகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் சில பத்து மில்லிஆம்பியர் ஓடும் காயில். இன்னொரு பக்கம் மோட்டாரையோ ஹீட்டரையோ சுமக்கும் கான்டாக்ட். எந்தப் பக்கம் கோளாறு வந்தாலும் வெளியே தெரிவது ரிலேதான், அதனால் பழி அதன்மேல் விழுந்துவிடுகிறது. நான் பார்த்தவரை காயில் அறுந்து செத்த ரிலேக்கள் மிகக் குறைவு. சோதிப்பதும் சுலபம். பவர் இல்லாதபோது காயிலின் இரண்டு காலிலும் ஓம் பார்த்தால் போதும். சின்ன கனசதுர வடிவ ரிலேக்களில் 12 வோல்ட் என்றால் 400 ஓம் பக்கம், 24 வோல்ட் என்றால் 1600 பக்கம், 5 வோல்ட் என்றால் 70 பக்கம் வரும். போர்டிலேயே வைத்து அளந்தால் கூடவே இருக்கும் டையோடும் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சாமான்) சேர்ந்து அளவைக் குழப்பும். முனைகளை மாற்றி வைத்து இரண்டு முறை பார்த்து, அதிகமாக வருவதை எடுத்துக்கொள்ளலாம்.

அந்த டையோடு, பெரும்பாலும் 1என்4007, சின்ன சாமான்தான். ஆனால் அது இல்லாவிட்டால் காயில் விடும் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய வோல்டேஜ் துள்ளி, இயக்கும் டிரான்சிஸ்டரை அடிக்கும். ஒரு முறை ஒரே போர்டில் பிசி547 டிரான்சிஸ்டரை இரண்டு தரம் மாற்றினேன். மூன்றாவது தரமும் போனபோதுதான் டையோடின் ஒரு காலில் சால்டர் (ஈயப் பற்று) விட்டிருந்ததைப் பார்த்தேன். இப்போதெல்லாம் டிரான்சிஸ்டர் போயிருந்தால் டையோடைப் பார்க்காமல் புதியதைப் போடுவதில்லை.

கான்டாக்ட் பக்கக் கோளாறு வேறு மாதிரி. இங்கேதான் ‘டக்’ சத்தம் நம்மை ஏமாற்றும். அக்கா வீட்டில் தண்ணீர் ஹீட்டர் ஒன்று, கன்ட்ரோல் போர்டோடு வந்தது. சுவிட்ச் போட்டால் லைட் எரியும், ரிலே ‘டக்’ என்று இழுக்கும். தண்ணீர் மட்டும் ரொம்ப மெதுவாகச் சூடாகும். சில நாள் சூடாகவே ஆகாது. ரிலே சத்தம் சரியாக இருக்கிறது, எலிமென்ட்தான் போயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எலிமென்ட்டை அளந்தேன், 26 ஓம். 2000 வாட் எலிமென்ட்டுக்கு அது சரியான அளவு. ரிலேயைக் கழற்றி பேட்டரியில் இழுக்கவைத்து கான்டாக்டை மல்டிமீட்டரில் வைத்தால் ‘பீப்’ என்றது. அதுவும் சரி. எல்லாம் சரி, வேலை மட்டும் நடக்கவில்லை.

மல்டிமீட்டரின் பீப் சத்தத்துக்கு ஒரு மில்லிஆம்பியர் ஓடினாலே போதும். அந்த ஹீட்டருக்கோ ஏறக்குறைய 8.7 ஆம்பியர் வேண்டும். ஒரு முடியளவு இடத்தில் உலோகம் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் திருப்தியாகிவிடும், ஹீட்டர் ஆகாது. இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, லோடு (ரிலே மூலம் மின்சாரம் எடுக்கும் சாதனம்) ஓடும்போது கான்டாக்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள வோல்டேஜைப் பார்ப்பது. நல்ல கான்டாக்டில் அது மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும். இந்த ஹீட்டரில் 3 வோல்ட் காட்டியது, அதுவும் ஏறி இறங்கிக்கொண்டே. 3 வோல்ட்டை 8.7 ஆம்பியரால் பெருக்கினால் 26 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை அந்த ரிலேக்குள் சொருகி வைத்த மாதிரி.

இந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறாகச் செய்தால் ஆபத்து. பிளக்கை உருவிவிட்டு, மீட்டர் வயர்களைக் கிளிப்பால் மாட்ட வேண்டும். மீட்டரை ஏசியின் பெரிய ரேஞ்சில் வைக்க வேண்டும். கான்டாக்ட் திறந்திருந்தால் முழு 230 வோல்ட்டும் அங்கேதான் நிற்கும். கையை எடுத்த பிறகே பவர் கொடுக்க வேண்டும். ரேஞ்சைக் குறைக்க வேண்டுமானால் மறுபடி பவரை நிறுத்திவிட்டுத்தான். ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு காலைத் தேடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பக்கத்துக் காலில் ஒரு நொடி பட்டாலும் போர்டும் போகும், கையும் போகும்.

அந்த ரிலேயின் மூடியைப் பிளேடால் சுற்றிலும் கீறித் திறந்தேன். மூடியின் உட்புறம் முழுக்கக் கறுப்புப் பொட்டுகள், தீப்பொறி தெறித்த அடையாளம். வெள்ளிப் பொட்டு மாதிரி இருக்க வேண்டிய கான்டாக்ட் இரண்டில், ஒன்றில் நடுவே பள்ளம். அதற்கு எதிரே இருந்ததில் அதே அளவுக்கு மேடு. ஒரு பக்கத்து உலோகம் உருகி மறுபக்கம் போய் ஒட்டியிருக்கிறது. மேடு பள்ளத்துக்குள் சரியாக உட்கார்ந்தால் ஹீட்டர் ஓடும், கொஞ்சம் விலகி உட்கார்ந்தால் ஓடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாமே என்று சிலர் செய்கிறார்கள். நானும் முன்பு செய்திருக்கிறேன். அந்த மேல் உலோகம் மெல்லியது, தேய்த்தால் இருப்பதும் போய்விடும். பத்து நாள் ஓடும், அப்புறம் முன்பைவிட மோசமாகும். ஹீட்டர் மாதிரி பெரிய லோடுக்கு ரிலேயை மாற்றுவதுதான் சரி.

ரிலேயை மாற்றும்போது போர்டைத் திருப்பி, லென்ஸ் வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அந்த ஹீட்டர் போர்டில் ரிலேயின் தடித்த காலைச் சுற்றி சால்டரில் ஒரு மெல்லிய வளையம் தெரிந்தது. வெறும் கண்ணுக்கு அழுக்குக் கோடு போலத்தான் இருக்கும். சூடாகும், ஆறும், சூடாகும், ஆறும் என்று ஆயிரக்கணக்கான முறை நடந்ததில் சால்டர் காலைவிட்டு விரிந்துவிட்டது. போர்டும் அந்த இடத்தில் பழுப்பாகியிருந்தது. பழைய சால்டரை முழுதாக உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். விரிசலின் மேலேயே கொஞ்சம் ஈயத்தைப் பூசினால் நிற்காது. காப்பர் தடம் கருகியிருந்தால் அதன்மேல் ஒரு தடித்த செம்புக் கம்பியை ஓட்டி சால்டர் செய்வேன். ரிலே நன்றாகவே இருந்து, இந்த வளைய விரிசல் மட்டுமே கோளாறாக இருந்த போர்டுகளும் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

கான்டாக்ட் ஒட்டிக்கொண்டு விடாமல் போவது இதற்கு நேர் எதிர். தண்ணீர்த் தொட்டி நிரம்பியும் மோட்டார் நிற்காத ஒரு வீட்டுக்குப் போனேன். கன்ட்ரோலரின் ரிலே மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி என்று எழுதியிருந்தது. மோட்டார் ஒரு குதிரைத்திறன், ஓடும்போது 6 ஆம்பியர்தான் எடுக்கிறது. 10-க்குள் தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த 10 ஆம்பியர் ஹீட்டர் மாதிரி சாதுவான லோடுக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஓடும் கரன்ட்டைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். அந்த 30, 35 ஆம்பியர் பாயும் நேரத்தில் கான்டாக்ட் லேசாகத் துள்ளினாலும் உருகி வெல்டிங் ஆகிவிடும்.

பெரிய ரிலேயாகப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு மாதத்தில் அதுவும் ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை மோட்டார் பக்கம் போய் நின்று கேட்டேன். சுவிட்ச் போட்டதும் உடனே கிளம்பாமல் ‘ம்ம்ம்’ என்று இரண்டு, மூன்று நொடி முனகிவிட்டுத்தான் வேகம் எடுத்தது. கெப்பாசிட்டரில் 25 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, அளந்தால் 16. ஒரு நொடிக்குள் முடிய வேண்டிய பெரிய கரன்ட் மூன்று நொடி ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் கெப்பாசிட்டரை மாற்றினேன். மோட்டாரை நேரடியாக ரிலேயில் ஓட்டாமல், ரிலே ஒரு கான்டாக்டரின் (பெரிய கரன்ட்டுக்கான கனமான ரிலே) காயிலை மட்டும் இயக்க, கான்டாக்டர் மோட்டாரை ஓட்டும்படி வயரிங்கையும் மாற்றினேன். முதல் தடவையே மோட்டார் முனகலைக் கேட்டிருந்தால் அந்த வீட்டுக்காரருக்கு ஒரு ரிலே செலவு மிச்சமாகியிருக்கும். அது என் தவறுதான், அவரிடம் அப்படியே சொன்னேன்.

டிரான்ஸ்பார்மர் இல்லாத சின்ன போர்டுகளைப் பற்றி இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும். டைமர், ரிமோட் சுவிட்ச், தண்ணீர் மட்டக் கன்ட்ரோலர் போன்றவற்றில் டிரான்ஸ்பார்மருக்குப் பதில் ஒரு செவ்வகக் கெப்பாசிட்டர் இருக்கும், எக்ஸ்2 (மெயின் சப்ளையில் நேரடியாகப் போடுவதற்கான வகை) என்றும் 474 என்றும் எழுதியிருக்கும். 474 என்றால் 0.47 மைக்ரோஃபாரட். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 34 மில்லிஆம்பியர்தான் விடும். 12 வோல்ட் ரிலேயின் காயிலுக்கே 30 மில்லிஆம்பியர் போய்விடுகிறது. அவ்வளவு இறுக்கமான கணக்கு. சப்ளையில் வரும் சின்னச் சின்ன துள்ளல்களில் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் படலம் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து, மதிப்பு குறைந்துகொண்டே வரும். 0.3-க்கு இறங்கியதும் லைட் எரியும், டிஸ்ப்ளே ஓடும், ரிலே மட்டும் இழுக்காது, அல்லது லேசாக ‘டிக்’ என்று முனகிவிட்டு அடங்கும். இந்த அடையாளம் தெரிந்தால் நான் முதலில் அளப்பது அந்தக் கெப்பாசிட்டரைத்தான். மாற்றும்போது அதே எக்ஸ்2 வகைதான் போட வேண்டும். சாதாரண கெப்பாசிட்டர் அந்த இடத்தில் தீப்பிடிக்கலாம்.

இந்த போர்டுகளில் 5 வோல்ட், 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் எந்த இடமும் பத்திரமில்லை. எல்லாமே மெயின் லைனோடு நேரடியாகச் சேர்ந்தது. ஒரு முறை, 5 வோல்ட் கிரவுண்டு தானே என்று விரல் வைத்து அடி வாங்கினேன். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகியிருந்ததால் நியூட்ரல் வர வேண்டிய இடத்தில் ஃபேஸ் வந்திருந்தது. தோள்பட்டை வரை ஏறிய அந்த வலியை மறக்க முடியாது. அன்றிலிருந்து இப்படிப்பட்ட போர்டை பவரில் வைத்துத் தொடுவதே இல்லை. பவரை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) போர்டுகளில் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி வரை இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் படீரென்று ஷார்ட் செய்யாமல், 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த வயரில் கட்டி வைத்துக்கொண்டு அதனால் தொட்டு இறக்குங்கள், இறங்கியதா என்று மீட்டரில் பாருங்கள். மைக்ரோவேவ் அவனை மட்டும் திறக்கவே வேண்டாம். அதன் கெப்பாசிட்டரில் 2000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அனுபவம் உள்ளவர்களும் அதில் உயிரை விட்டிருக்கிறார்கள்.

ஃப்ரிட்ஜ் ஓடாமல் போனால் கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு முன் அதன் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டார்ட்டிங் ரிலேயைப் பாருங்கள். இப்போது நிறைய ஃப்ரிட்ஜ்களில் அது உண்மையில் ரிலே இல்லை, சூடானதும் மின்சாரத்தைத் தடுக்கும் பிடிசி என்ற ஒரு வட்ட வில்லை. கம்ப்ரஸர் சில நொடி முனகும், ‘டிக்’ என்று ஓவர்லோடு (கரன்ட் அதிகமானால் வெட்டும் பாதுகாப்பு சுவிட்ச்) விடும், சில நிமிஷம் கழித்து மறுபடி அதே கதை. பிளக்கை எடுத்துவிட்டு பிடிசியை உருவிக் காதருகே ஆட்டினால் ‘கலகல’ என்று சத்தம் வந்தால் உள்ளே வில்லை உடைந்திருக்கிறது. ஆறிய நிலையில் அதன் ஓம் பெரும்பாலும் 10-லிருந்து 40-க்குள் இருக்கும், ஓப்பனாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். கம்ப்ரஸரின் மூன்று பின்களையும் இரண்டிரண்டாக அளந்தால், இரண்டு சின்ன அளவுகளின் கூட்டல் மூன்றாவதற்குச் சமமாக வர வேண்டும். எந்தப் பின்னும் கம்ப்ரஸரின் இரும்பு பாடியோடு தொடர்பு காட்டக் கூடாது. இது இரண்டும் சரியாக இருந்தால் புது பிடிசி போட்டுப் பார்ப்பதற்கு முன் கம்ப்ரஸரைக் குறை சொல்லாதீர்கள்.

சில நேரம் சாதனத்தில் ஒன்றுமே இருக்காது, சாக்கெட்டில் இருக்கும். டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்றால் நியூட்ரல் விட்டிருக்கலாம். டெஸ்டருக்கு ஃபேஸ் மட்டும் போதும். அந்த நேரத்தில் ஏதாவது சாதனம் சுவிட்ச் போட்டபடி இருந்தால் நியூட்ரல் ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். டிஜிட்டல் மீட்டரும் நம்பகமில்லை. எங்கும் சேராமல் தொங்கும் வயரிலும் பக்கத்து வயரின் தூண்டலால் 60, 80 வோல்ட் என்று காட்டும். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி இரண்டு வயர் விட்டு வைத்திருக்கிறேன், அது பொய் சொல்லாது. அதே பல்பை சீரீஸில் போட்டுத்தான் பழுது பார்த்த எந்தச் சாதனத்துக்கும் முதல் பவர் கொடுக்கிறேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து நிற்கும், ஃபியூஸும் போகாது, புதிதாகப் போட்ட சாமான்களும் பிழைக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பல்புதான் வேண்டும்.

எறும்பையும் சொல்லாமல் விட முடியாது. மூடி இல்லாத ரிலேக்குள்ளும் கான்டாக்டருக்குள்ளும் எறும்புகள் போய், கான்டாக்ட் நடுவில் நசுங்கிச் செத்து, உலோகத்துக்கு நடுவே ஒரு படலமாக உட்கார்ந்துவிடும். வெளியில் வைத்த மோட்டார் ஸ்டார்ட்டரில் இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். சுத்தம் செய்துவிட்டு வயர் நுழையும் ஓட்டையை அடைக்காமல் வந்தால் மறுபடி கூப்பிடுவார்கள்.

வேலை முடிந்ததும் உடனே மூடியைப் போட்டுவிடாமல், முழு லோடில் அரை மணி நேரம் ஓடவிடுகிறேன். அப்புறம் பிளக்கை உருவி, கெப்பாசிட்டரை இறக்கிவிட்டு, ரிலேயின் தலையையும் ஒவ்வொரு வயர் முனையையும் விரலால் தொட்டுப் பார்ப்பேன். ரிலே வெதுவெதுப்பாக இருந்தால் சரி, காயில் அந்த அளவுக்குச் சூடாவது இயல்பு. விரலை வைக்க முடியாமல் சுட்டாலோ, ஒரு முனை மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தாலோ மறுபடி திறந்துவிடுவேன். அக்கா வீட்டு ஹீட்டரில் அப்படித்தான் ரிலே மாற்றிய பிறகும் ஒரு ஸ்க்ரூ முனை சுட்டது. வயரை உருவிப் பார்த்தால் இழைகளில் பாதி வெளியே மடங்கிக் கிடந்தன. நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி, லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) அழுத்தி முறுக்கிய பிறகுதான் மூடியைப் போட்டேன்.